தொட்டியில என்ன ஏத்துவீங்க?

பிக்கப் வாங்கும்போதே அதன் பின்தொட்டியில் கறுப்பு பிளாஸ்டிக் லைனர் ஒன்று உட்கார்ந்திருந்தது. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் போட்டது. தொட்டிக்குள் இன்னொரு தொட்டி, இனிமேல் பெயிண்டைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் அதன் மேலேயே ஜல்லி, செங்கல், மரத்துண்டு, பைக் என்று எல்லாவற்றையும் ஏற்றி இறக்கினேன். டிரெய்லர் விளக்குக்கு வயர் இழுக்க வேண்டியிருந்த ஒரு நாளில்தான் அதைக் கழற்றினேன். பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூதான். தூக்கிப் பார்த்தால் கீழே ஈர மணல், மக்கிப்போன இலை, ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த 10 எம்எம் சாக்கெட், அப்புறம் துரு.

துரு என்றால் எங்கேயோ ஒரு புள்ளி இல்லை. லைனரின் அடிப்பக்கத்தில் வரிவரியாக மேடு இருக்கும், அந்த மேடு எங்கெல்லாம் தகரத்தைத் தொட்டதோ அங்கெல்லாம் பெயிண்ட் போய், ப்ரைமரும் போய், சீப்பால் இழுத்த மாதிரி பழுப்புக் கோடுகள். யோசித்தால் காரணம் எளிது. பிளாஸ்டிக் லைனர் தகரத்தோடு ஒட்டுவதில்லை, சும்மா செருகி வைத்ததுதான். வண்டி ஓடும்போது அது அதிர்ந்துகொண்டே இருக்கும், இடையில் போன மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும், உள்ளே போன தண்ணீர் காயவே காயாது. பெயிண்டைக் காப்பாற்ற வாங்கிப் போட்ட பொருள் மூன்று வருஷமாகக் கண்ணுக்குத் தெரியாமல் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. பிளாஸ்டிக் லைனர் போட்ட தொட்டியில் பெட்ரோல் கேனை வைத்தபடியே பங்கில் நிரப்பக் கூடாது. நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் கேனிலேயே தேங்கி, பொறி பறந்து தீப்பிடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1998லேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. எந்த லைனராக இருந்தாலும் கேனைத் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். நான் மூன்று வருஷம் தொட்டியில் வைத்தேதான் நிரப்பினேன்.

சரி, அடுத்தது ஸ்ப்ரே லைனர், அதாவது தகரத்தின் மேலேயே அடித்து ஒட்டவைக்கிற பூச்சு, என்று முடிவு செய்தேன். அங்கேதான் முதல் தப்பு. பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை என்று நினைத்துவிட்டேன். எது நல்ல பிராண்ட், பூச்சுக்கு எந்தப் பிளாஸ்டிக், பாலியூரியாவா பாலியூரித்தேனா என்று இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன், படித்ததெல்லாம் சரியாகவும் இருந்தது, அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நல்ல பிராண்ட் வைத்திருந்த ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். "எந்தக் கலர் சார்?" என்று கேட்டார்கள். கறுப்பு என்றேன். காலையில் விட்டேன், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வண்டி தயார். பார்க்க அருமையாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

எட்டாவது மாதம் டைல்ஸ் பெட்டி ஒன்றை உள்ளேயிருந்து இழுத்தபோது, பின்கதவுக்குப் பக்கத்தில் பெட்டியின் மூலை மாட்டி, லைனரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை அப்படியே எழுந்து வந்தது. கையால் இழுத்தேன், இன்னும் வந்தது. வாழைத்தண்டு பட்டை உரிக்கிற மாதிரி. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் சொரசொரவென்று முதலைத் தோல் மாதிரி இருக்க, அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பளபளத்தது. கம்பெனி பெயிண்டின் பளபளப்பை அச்செடுத்த மாதிரி அப்படியே வாங்கி வைத்திருந்தது. உப்புத்தாள் ஒரு இடத்தில்கூட ஓடவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. கீழே தகரத்தில் இருந்த பெயிண்டும் ஒரு கீறல் இல்லாமல் புதுசு மாதிரி மின்னியது.

பட்டறையில் கேட்டபோது நான் அதிக எடை ஏற்றிவிட்டேன் என்றார்கள். விடுங்கள், அந்தக் கதை வேண்டாம்.

ஏன் அது ஒட்டவில்லை என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இந்த லைனர் இரண்டு டிரம்மில் வரும் இரண்டு திரவம். ஒன்றில் ஐசோசயனேட் என்ற ரசாயனம், இன்னொன்றில் பிசின். பெரும்பாலும் இரண்டும் சம அளவு. இயந்திரம் இரண்டையும் தனித்தனிக் குழாயில், 65, 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, 2000 பிஎஸ்ஐ-க்கு மேல் அழுத்தத்தில் தள்ளும். துப்பாக்கியின் நுனியில்தான் இரண்டும் முதன்முதலாகச் சந்திக்கும். அங்கே மோதிக் கலந்து, காற்றில் பறந்து, தகரத்தில் போய் விழும்போதே கெட்டியாக ஆரம்பித்துவிடும். பாலியூரியா என்றால் பத்து வினாடிக்குள் ஓடாமல் நின்றுவிடும், சில வகை மூன்று நான்கு வினாடியிலேயே. செங்குத்துச் சுவரில் அடித்தாலும் வழியாது, ஒரே நாளில் எவ்வளவு தடிமன் வேண்டுமானாலும் ஏற்றலாம். அதுதான் அதன் சிறப்பு.

அதுவே அதன் பிரச்சினையும். சாதாரண பெயிண்ட் பல நிமிஷம் ஈரமாக இருக்கும், சின்னச் சின்னக் கீறலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். இதற்கு அந்த அவகாசமே இல்லை. அதனால் விழுந்த இடத்திலேயே பிடிக்க ஒரு சொரசொரப்பு வேண்டும். 80ஆம் நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு முழுக்கச் செத்துப்போகும் வரை தேய்த்து, தூசியை ஊதி, கரைப்பான் நனைத்த துணியில் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, வெறும் தகரம் தெரிகிற இடத்தில் ப்ரைமர் போட்டால்தான் ஒட்டும். மூலை, வரிப் பள்ளம், சக்கர வளைவின் அடிப்பக்கம் எல்லாம் மெஷின் போகாத இடங்கள், கையால்தான் தேய்க்க வேண்டும். ஆள் சலித்துப்போவதும் அங்கேதான், பின்னால் லைனர் உரிவதும் அங்கேதான். அடிப்பது ஒரு மணி நேர வேலையென்றால் தேய்ப்பதும், அடிக்கக் கூடாத இடங்களை மறைப்பதும் மூன்று நான்கு மணி நேர வேலை. காலையில் விட்டு மதியம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எந்த வேலையைக் குறைக்கப் போகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய லைனரை நானே உரித்தேன். ஹீட் கன், சுரண்டி, கிரைண்டரில் கம்பி பிரஷ். மோசமாக அடித்ததில் ஒரே ஒரு லாபம், பாதித் தொட்டி அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. எங்கெல்லாம் பழைய பிளாஸ்டிக் தேய்த்துக் கீறியிருந்ததோ அங்கே மட்டும் உயிரே போனாலும் வரவில்லை. தற்செயலாகச் சொரசொரப்பாக இருந்த இடம் அது! பெயிண்டர் செய்ய வேண்டியதைப் பாதி இடத்தில் துரு செய்து வைத்திருந்தது. அந்த இடங்களுக்கு மட்டும் இரண்டு சனிக்கிழமை போனது.

இரண்டாவது பட்டறைக்குப் போனபோது கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கலர் கேட்கவில்லை.

"தம்பி, தொட்டியில என்ன ஏத்துவீங்க?"

"எல்லாமேதாண்ணே. ஜல்லி, மணல், மரம். மாசத்துக்கு ஒருதடவை பைக்கு."

"ஜல்லியைக் கவுத்து இறக்குவீங்களா, மண்வெட்டியில அள்ளுவீங்களா?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. மண்வெட்டியில்தான் என்றேன். "அப்ப உங்களுக்கு ரொம்பச் சொரசொரப்பு வேண்டாம், கொஞ்சம் கெட்டியான மெட்டீரியல் போடுவோம்" என்றார். அந்த இடத்திலேயே இங்கேதான் வேலை என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் சொன்னதன் விளக்கம் இது. லைனரில் மெத்தென்ற வகை உண்டு, கெட்டி வகை உண்டு. கடினத்தை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள். ரப்பர் மாதிரிப் பொருளுக்கு ஏ அளவுகோல், கெட்டியான பிளாஸ்டிக்குக்கு டி அளவுகோல். கார் டயரின் மேல்பகுதி ஏ 60, 70 பக்கம் இருக்கும், தலையில் போடும் பாதுகாப்புத் தொப்பி டி 80 பக்கம். மெத்தென்ற லைனர்கள் ஏ 80, 90 வாக்கில், கெட்டி வகை டி 50, 60 வாக்கில் வரும். மெத்தென்ற வகையில் சாமான் நகராது. பிரேக் போட்டால் அட்டைப் பெட்டி வைத்த இடத்தில் இருக்கும், அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளும், சத்தமும் குறைவு. ஆனால் கூரான விளிம்புள்ள இரும்பை இழுத்தால் கிழியும், பைக்கின் சைடு ஸ்டாண்ட் ஒரு இரவு நின்றால் குழி விழும். கெட்டி வகை கிழியாது, ஸ்டாண்டும் அதை ஒன்றும் செய்யாது, கனமான பெட்டியைத் தள்ளி ஏற்றுவது சுலபம். அதே காரணத்தால் பெட்டி பிரேக்கில் நகரவும் செய்யும், கயிறு கட்டித்தான் ஆக வேண்டும்.

சொரசொரப்பு தனிக் கணக்கு. கடைசிச் சுற்றைத் தூரத்திலிருந்து தூவினால் துளித்துளியாக விழுந்து மணல் மாதிரி நிற்கும், எவ்வளவு தூவுவது என்பது அடிக்கிறவர் கையில் இருக்கிறது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிடிப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டு ரொம்பச் சொரசொரப்பாக வாங்கினால் மூன்று கஷ்டம் வரும்: மண்வெட்டி ஒவ்வொரு இழுப்பிலும் மாட்டும், முட்டி போட்டு உள்ளே தவழ்ந்தால் தோல் போகும், சேறு அந்தச் சின்னப் பள்ளங்களில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் அடித்தால் மட்டும் போகாது, பிரஷ் போட வேண்டும். என் மச்சான் வண்டியில் அப்படித்தான் இருக்கிறது. அவர் பெரும்பாலும் அட்டைப் பெட்டிதான் ஏற்றுகிறார் என்பதால் அவருக்கு அதுவே சரி. எனக்கு அது ஆகாது.

பாலியூரியாவா பாலியூரித்தேனா என்ற கேள்விக்கு இப்போது என் பதில், அது இரண்டாம்பட்சம். பாலியூரியா சீக்கிரம் இறுகும், ஈரப்பதத்துக்கு அவ்வளவாக அசையாது. பாலியூரித்தேன் கொஞ்சம் மெதுவாக இறுகும், அதனால் தகரத்தை நன்றாக நனைத்துப் பிடிக்கும், ஆனால் ஐசோசயனேட் தண்ணீரைப் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு விடும், ஈரமான நாளில் அடித்தால் உள்ளே குமிழி வந்து ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் நிற்கும். சந்தையில் கிடைப்பதில் நிறைய இரண்டும் கலந்த கலப்பு வகை. லைன்-எக்ஸ், ரைனோ லைனிங்ஸ் போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் பொருளும் இயந்திரமும் பயிற்சியும் தருகிறார்கள், அடிப்பது அந்தப் பெயரை வாங்கித் தனியாகக் கடை நடத்துகிறவர். ஒரே பெயர்ப்பலகை, ஒரே டிரம், வேறு வேறு கை. என் முதல் லைனரில் பொருளில் ஒரு குறையும் இல்லை என்று இன்றுவரை சொல்வேன். உரிந்த துண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், கிழியவே இல்லை.

தடிமன் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். தரையில் 3 மில்லிமீட்டர், சுவரில் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் என்பது நல்ல வேலை. இதில் ஒரு குழப்பம் உண்டு. சில இடங்களில் மில் என்ற கணக்கில் சொல்வார்கள், அது மில்லிமீட்டர் இல்லை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 மில் என்றால் பிரமாதமாகத் தோன்றும், உண்மையில் அது ஒன்றரை மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டருக்கு 120 மில் வேண்டும். இரும்புத் தொட்டியாக இருந்தால் காந்த முறையில் அளக்கும் சின்னக் கருவி உண்டு, அடித்து முடித்ததும் நாலு இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். எடை எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டேன்: இரண்டு மீட்டர் நீளம் ஒன்றரை மீட்டர் அகலத் தொட்டிக்குச் சுவரெல்லாம் சேர்த்து 17, 18 கிலோ வரும். ஒரு சின்னப் பையன் எப்போதும் பின்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

தொட்டி எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். இரும்புதான் பெரும்பாலும். ஃபோர்டு எஃப்-150 2015 மாடலிலிருந்து அலுமினியம், டொயோட்டா டகோமா 2005 மாடலிலிருந்து பல வருஷம் பிளாஸ்டிக் கலவைத் தொட்டியோடு வந்தது. அவற்றில் துரு என்ற கவலை கிடையாது, ஆனால் அலுமினியம் சுலபமாக நசுங்கும், பிளாஸ்டிக் மேல் ஒட்டுவதற்கு வேறு தயாரிப்பு வேண்டும். இரும்பில் ஏற்கெனவே துரு இருந்தால் அதன் மேலேயே அடித்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மூடிய துரு உள்ளேயே வளரும். தகரம் ஓட்டையாகும் வரை மேலே லைனர் அழகாக இருக்கும். என் தொட்டியின் துருக் கோடுகளை எல்லாம் இரண்டாவது கடைக்காரர் வெள்ளைத் தகரம் தெரியும் வரை கிரைண்டரில் எடுத்து எபாக்சி ப்ரைமர் போட்டார். அதற்கு மட்டும் ஒரு முழு நாள்.

அடிக்கும் நாளில் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது அடிப்பது இல்லை, விளிம்பு வெட்டுவது. லைனர் எங்கே முடிய வேண்டுமோ அந்தக் கோட்டில் ஒரு டேப் ஒட்டுவார்கள், அதன் ஓரத்திலேயே மெல்லிய கம்பி ஒன்று ஓடும். அதன் மேலேயே அடித்துவிட்டு, பொருள் பாதி இறுகிய நேரம் பார்த்துக் கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தால் பன்னீரை நூலால் அறுத்த மாதிரி நேர்கோடாக வெட்டிக்கொண்டு வரும். சீக்கிரம் இழுத்தால் ஓரம் மறுபடி ஒட்டிக்கொள்ளும், தாமதித்தால் கம்பி அறுந்துவிடும். கடைக்கார அண்ணன் விரலால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், திடீரென்று "இப்ப" என்றார், உதவிக்கு இருந்த பையன் அந்தப் பக்கத்திலிருந்து இழுக்க இவர் இந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார். கம்பி எழும்பும்போது சின்னதாக ஒரு கிர்ர் சத்தம். ஓரம் அவ்வளவு சுத்தம். பிளேடால் வெட்டும் கடைகளும் உண்டு, அந்தப் பிளேடு பெயிண்டையும் சேர்த்துக் கீறும், அந்தக் கீறலிலிருந்து துரு ஆரம்பிக்கும்.

விளிம்பு எங்கே முடிய வேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். தொட்டியின் மேல்விளிம்புக்குக் கீழேயே நிறுத்தலாம், இல்லை விளிம்பையும் மூடி வெளிப்பக்கம் வரை கொண்டுவரலாம். பக்கவாட்டிலிருந்து சாமானைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கு மூடுவது நல்லது, அங்கேதான் கீறல் அதிகம். தொட்டிக்கு மேல்மூடி போடும் எண்ணம் இருந்தால் கீழேயே நிறுத்துங்கள். மூடியின் ரப்பர் சொரசொரப்பான மேற்பரப்பில் சரியாக உட்காராது, தண்ணீர் உள்ளே வரும், கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் தடிமன் கூடினால் அதுவும் இடிக்கும். மூடி ஏற்கெனவே இருந்தால் கழற்றிவிட்டு அடித்து, பிறகு மாட்டுங்கள்.

வெயில் விஷயம். சாதாரண லைனரில் இருப்பது அரோமேட்டிக் வகை ஐசோசயனேட், அது புற ஊதாக் கதிரைத் தாங்காது. கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகும், மேலே சுண்ணாம்பு மாதிரி பூக்கும். பலம் குறையாது, அழகு மட்டும் போகும். வண்டியின் கலரிலேயே லைனர் வேண்டும் என்றால் வெயிலைத் தாங்கும் அலிஃபாட்டிக் வகை மேல்பூச்சு இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள், ஒரு வருஷத்தில் வெள்ளை மஞ்சளாகும். கறுப்புக்குக்கூட மேல்பூச்சு வைக்கலாம். நான் வைக்கவில்லை. ஜல்லி அள்ளுகிற தொட்டிக்கு எதற்கு அலங்காரம் என்று விட்டுவிட்டேன், இப்போது என் மேல்மூடி மறைக்காத பின்பக்க அரை அடி மட்டும் வெளுத்திருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் வைத்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. வெளுத்த லைனரைக் கறுப்பாக்க டயருக்குப் பூசும் சிலிக்கான் பாலிஷை மட்டும் பூசாதீர்கள், தொட்டிக்குள் கால் வைத்தால் பனிக்கட்டி மேல் நிற்கிற மாதிரி வழுக்கும்.

வீட்டிலேயே அடிக்கலாமா? அடிக்கலாம். ஹெர்குலைனர் மாதிரி ரோலரில் உருட்டுகிற வகை உண்டு, ரப்பர் துகள் கலந்தது. ராப்டர் மாதிரி பாட்டில் வகையும் உண்டு. பாட்டிலில் முக்கால் லிட்டர் இருக்கும், அதில் கால் லிட்டர் ஹார்டனர் ஊற்றிக் குலுக்கி, அதற்கென்று வருகிற துப்பாக்கியில் திருகி, சாதாரண கம்ப்ரசரில் அடிக்க வேண்டியது. இறுக நேரம் எடுப்பதால் தகரத்தை நன்றாக நனைத்துப் பிடிக்கும், தேய்க்கும் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் பல கடைகளைவிட நன்றாகவே ஒட்டும். தடிமன் மட்டும் அந்த 3 மில்லிமீட்டர் வராது, இரண்டு மூன்று சுற்று அடித்தாலும் அதில் ஒரு சிறு பங்குதான். கீறலுக்குப் போதும், ஜல்லிக்குப் போதாது.

வீட்டில் அடிப்பவர்களுக்கு ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஐசோசயனேட் விளையாட்டுப் பொருள் இல்லை. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் அப்புறம் துளி பட்டாலே மூச்சு முட்டும், ஆஸ்துமா வாழ்நாள் முழுக்க நிற்கலாம். நையோஷ் 2006இல் குறிப்பாக இந்த பிக்கப் லைனர் அடிக்கும் தொழிலுக்காகவே ஒரு எச்சரிக்கை ஆவணம் வெளியிட்டது, அதன் தலைப்பிலேயே மரணம் என்ற சொல் இருக்கிறது. நான் பார்த்த இடத்தில் அண்ணன் வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி போட்டிருந்தார், அடிக்கும்போது பையனைக் கூடத்துக்குள்ளேயே விடவில்லை, கம்பி இழுக்கும்போது அவனுக்கும் முகமூடி. நம் ஆட்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். தூசிக்குப் போடும் முகமூடியும் இதற்குச் செல்லாது. கம்ப்ரசர் வைத்து அடிப்பதைவிட ரோலரில் காற்றில் பறப்பது குறைவு, இருந்தாலும் திறந்த இடம், கையுறை, சரியான முகமூடி எல்லாம் வேண்டும்.

அடித்து முடித்ததும் கொஞ்ச நேரத்திலேயே தொட்டால் காய்ந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். ஏமாறாதீர்கள். வண்டியை அன்றைக்கே ஓட்டலாம், லேசான சாமான் மறுநாள் ஏற்றலாம், கனமானது இரண்டு மூன்று நாள் கழித்து. முழுப் பலம் வர ஒரு வாரமாவது ஆகும்.

வாழ்நாள் உத்தரவாதம் என்று பெரிதாக எழுதியிருந்தால் கீழே சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் உரிதல், விரிசல் மட்டும் இருக்கும். வெளுப்பது இருக்காது. வண்டியை விற்றால் அடுத்தவருக்குப் போகாது. எனக்கு முதல் பட்டறை தந்த காகிதத்தில் 'தவறான பயன்பாடு' என்று ஒரு வரி இருந்தது, அதற்குள் எதை வேண்டுமானாலும் அடக்கலாம், டைல்ஸ் பெட்டியை இழுத்ததையும் அடக்கினார்கள்.

இதெல்லாம் கேட்டு முடித்தபின் அண்ணன் தானாகவே எடுத்துக் கொடுத்த ஒன்று இருக்கிறது, அன்றைக்கு அடித்த அதே பொருளில் அடித்த ஒரு தகரத் துண்டு. என் தொட்டியோடு சேர்த்து, அதேபோல் தேய்த்து, அதே நேரத்தில் அடித்தது. "இதை உடைச்சுப் பாருங்க, நான் அடிச்ச தொட்டியில மட்டும் சோதனை பண்ணாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்து வைஸில் மாட்டி மடக்கினேன், சுத்தியலால் அடித்தேன், சாவியால் ஓரத்தைக் கிளப்பப் பார்த்தேன். தகரம் நெளிந்தது, லைனர் அதோடு சேர்ந்து நெளிந்தது, எழும்பவில்லை. நீங்கள் போகும் இடத்தில் இப்படி ஒரு துண்டு கேட்டுப் பாருங்கள். தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டு வருஷம் ஆகிறது. உரியவில்லை. மண்வெட்டி ஓடிய கோடுகள் இருக்கின்றன, நகத்தால் தடவினால் தெரியாத ஆழம். பைக் ஸ்டாண்ட் குழி எதுவும் இல்லை. ஒரே ஒரு குறை, அதில் பாதி என் தப்பு. தொட்டித் தரையில் தண்ணீர் வடிய மூலைகளில் ஓட்டை இருக்கும், கொக்கி மாட்டும் போல்ட் ஓட்டைகளும் இருக்கும், அதையெல்லாம் அடைத்து மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். போல்ட் ஓட்டைகளை நான் எண்ணிக் காட்டினேன், வடிகால் ஓட்டைகளை மறந்தேன். அவர்கள் மூன்றை மறைத்துவிட்டு, பழைய சேறு அடைத்திருந்த நாலாவதைக் கவனிக்கவில்லை. முதல் பெரிய மழையில் முன்பக்க இடது மூலையில் குளம் நின்றபோதுதான் தெரிந்தது. கீழேயிருந்து டார்ச் அடித்து இடத்தைக் கண்டுபிடித்து, சூடாக்கிய ஆணியால் குத்தி, கத்தியால் சுற்றி வெட்டி, வெட்டிய ஓரத்தில் சீலன்ட் தடவினேன். தண்ணீர் இப்போது வடிகிறது. கொஞ்சம் கோணலாக இருக்கிறது, இருக்கட்டும்.